அப்பா அம்மா யூரோப் வர்றாங்க: வாசகர் கேள்வி பதில்

லீவு நெருங்குது, வெளிநாட்டுல படிக்கிற பிள்ளைங்ககிட்டருந்தும் அவங்கள பாக்கப் போற பெத்தவங்ககிட்டருந்தும் வந்த கேள்விங்கள இந்த இதழ்ல ஒண்ணா சேர்த்திருக்கேன்.

கேள்வி: அக்கா, நான் ஜெர்மனில ஆஹன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ஜூன்ல அப்பா அம்மா ரெண்டு வாரம் வர்றாங்க, அவங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம்னு அம்மா வாட்ஸப்ல லிஸ்ட் போட்டு அனுப்பிட்டாங்க. அப்பாவுக்கு முட்டி வலி, படி ஏற கஷ்டப்படுவார். பதினாலு நாள்ல இவ்ளோவும் முடியுமா?
(மாணவர், ஆஹன்)

பதில்: ஓடி ஓடி பாத்தா முடியும் தம்பி, ஆனா பாதி நாள் ரயில்லயும் மீதி நாள் பெட்டிய இழுத்துட்டு ஹோட்டல் தேடுறதுலயும் போயிடும். வெனிஸ், ரோம் ரெண்டையும் இந்த தடவை லிஸ்ட்லருந்து எடுத்துடுங்க. வெனிஸ் பழைய ஊருக்குள்ள வண்டியே வராது, படகு இல்லன்னா நடை, கால்வாய்க்கு மேல போற பாலமெல்லாம் பெரும்பாலும் படி வச்ச பாலம், முட்டி வலி இருக்கவர் பெட்டியோட அதுல ஏறி இறங்குறது வேணாம். ரோம் தனியா நாலஞ்சு நாள் கேக்குற ஊரு, அதுக்கு இன்னொரு தடவை வரட்டும்.

முதல் நாலு நாள் ஆஹன்லயே இருங்க. இத சொன்னா நிறைய பசங்க "எங்க ஊர்ல பாக்க என்னக்கா இருக்கு"ன்னு கேக்குறாங்க. நீங்க எந்த ரூம்ல தூங்குறீங்க, எந்த பஸ்ல காலேஜ் போறீங்க, எந்த கடைல அரிசி வாங்குறீங்க, பக்கத்து ரூம்ல யாரு இருக்கா, இதத்தான் அம்மா ரெண்டு வருஷமா வீடியோ கால்ல கேட்டுட்டு இருப்பாங்க, அத கண்ணால பாத்துட்டாங்கன்னா அப்புறம் ஊர்ல நிம்மதியா தூங்குவாங்க. ஆஹன்ல பாக்கவும் இருக்கு. சார்லமேன் மன்னரை அடக்கம் பண்ண கதீட்ரல் உங்க ஊர்லதான் இருக்கு, 1978-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது, ஜெர்மனிலருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் இடமே அதான். எலிஸா ஊற்றுல சுடுதண்ணி கந்தக வாசனையோட கொட்டும், அப்பா கட்டாயம் நின்னு பாப்பார். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூணும் சேர்ற எல்லைப் புள்ளி ஊருக்குப் பக்கத்துலயே ஒரு குன்று மேல இருக்கு, அங்க ஒரு கல்லைச் சுத்தி நடந்தா மூணு நாட்டுலயும் கால் வச்ச மாதிரி. ஊர்ல சொந்தக்காரங்ககிட்ட சொல்றதுக்கு அம்மாவுக்கு இதைவிட நல்ல போட்டோ கிடைக்காது.

டிக்கெட்டுக்கு, உங்ககிட்ட மாணவர் பாஸான செமஸ்டர் டிக்கெட் இருக்கும், அவங்க ரெண்டு பேருக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துடுங்க, 2026 ஜனவரிலருந்து மாசம் 63 யூரோ, ஜெர்மனி முழுக்க ஊர் பஸ், டிராம், ரீஜனல் ரயில் எல்லாத்துலயும் செல்லும், வேக ரயில் ஐசிஇ-ல செல்லாது. அது சந்தா, அந்த மாசம் 10-ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணாதான் மாசக் கடைசில நிக்கும், வாங்குன அன்னைக்கே கேன்சல் பண்ணி வச்சிடுங்க. கணக்கு 1-ம் தேதிலருந்து மாசக் கடைசி வரைக்கும், அதனால ரெண்டு வாரமும் ஒரே மாசத்துக்குள்ள வர்ற மாதிரி பாத்துக்கங்க. அந்த டிக்கெட்லயே ஒரு நாள் கொலோன் போயிட்டு வரலாம், ஸ்டேஷன விட்டு வெளில வந்தா எதிர்லயே 157 மீட்டர் உயர கதீட்ரல், நடக்கவே வேணாம். கோபுரத்துக்கு 533 படி, அது அப்பாவுக்கு வேணாம்.

அப்புறம் பாரிஸ் நாலு நாள். ஆஹன்லருந்து பிரஸ்ஸல்ஸ் வழியா நேர் ரயில் இருக்கு, முன்னாடியே புக் பண்ணா விலை குறைவு. பாரிஸ் மெட்ரோல நிறைய ஸ்டேஷன்ல லிஃப்ட் கிடையாது, படிதான். 14-ம் நம்பர் லைன்ல எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு, மத்த இடத்துக்கு சிட்டி பஸ் எடுங்க, ஊரையும் பாத்த மாதிரி ஆச்சு. லூவ்ர் மியூசியம் செவ்வாக்கிழமை லீவு, கவனம். ஈஃபில் டவர் விளக்கு மினுக்குறத பாக்கணும்னா ஜூன்ல இருட்டவே பத்து மணி தாண்டும், அன்னைக்கு மதியம் ரூமுக்கு வந்து அவங்கள நல்லா தூங்க வச்சுட்டு கூட்டிட்டு போங்க.

பாரிஸ்லருந்து பாசெல் வழியா சுவிஸ், இண்டர்லாக்கன் பக்கம் ஒரே வீடு எடுத்து நாலு நாள், ரூம் மாத்தவே கூடாது. அங்கருந்து ஆஹன் திரும்பி ஒரு நாள் ஓய்வு, பெட்டி கட்டணும்ல. ஆம்ஸ்டர்டாம்? அம்மா ரொம்ப ஆசைப்பட்டா பாரிஸ்ல ஒரு நாள் குறைச்சு போயிட்டு வாங்க, நானா இருந்தா விட்டுடுவேன்.

கேள்வி: மகன் ஜெர்மனியில் படிக்கிறான். நாங்க ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் மூணும் போறோம். எந்த நாட்டு விசா போடணும்? செலவெல்லாம் மகனே பாத்துக்கறேன்னு லெட்டர் குடுத்தா போதுமா?
(வாசகர், திருச்சி)

பதில்: ஷெங்கன் விசா ஒண்ணு போதும் சார், இப்ப 29 நாட்டுக்கு அது செல்லும், சுவிஸும் அதுல அடக்கம். பயணத்துல எந்த நாடு முக்கியமோ அந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும், அதாவது அதிக நாள் தங்குற நாடு, இல்லன்னா எதுக்காக போறீங்களோ அந்த நாடு. நாள் கணக்கு சமமா வந்தா முதல்ல எந்த நாட்டுல நுழையறீங்களோ அது. நீங்க மகனைப் பாக்கப் போறீங்க, அதனால ஜெர்மனிலயே அதிக நாள் இருக்க மாதிரி பிளான் போட்டா குழப்பமே வராது. ஜெர்மனில சும்மா ரெண்டு நாள் காட்டிட்டு மீதியெல்லாம் சுவிஸ் ஹோட்டல் புக்கிங் வச்சா கேள்வி வரத்தான் செய்யும்.

லெட்டர் விஷயம். ஜெர்மனில அதிகாரப்பூர்வமா செலவு பொறுப்பேத்துக்கற பத்திரம் ஒண்ணு இருக்கு, அதுக்கு குடுக்கறவருக்கு நிலையான வருமானம் இருக்கணும், பிளாக்டு அக்கவுண்ட்ல, அதாவது முன்னாடியே பணத்தப் போட்டு வச்சு மாசம் இவ்ளோதான்னு எடுக்கற கணக்குல, மாசம் 992 யூரோ எடுத்து படிக்கிற பையனுக்கு அது கிடைக்கறது கஷ்டம். அதனால உங்க பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், பென்ஷன் பேப்பர் இதெல்லாம் உங்க பேர்லயே காட்டுங்க. மகன்கிட்டருந்து அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் காப்பி, ரெசிடென்ஸ் பெர்மிட் காப்பி, யுனிவர்சிட்டி சேர்க்கைச் சான்றிதழ் வாங்கி வச்சுக்கங்க. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலருந்தே போடலாம், கடைசி 15 நாளுக்குள்ள போடக் கூடாது, கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீந்துடும், அதனால மூணு மாசம் முன்னாடியே இறங்கிடுங்க.

நடுவுல லண்டன் போற எண்ணம் இருந்தா அதுக்கு தனி விசா, அங்கருந்து மறுபடி ஜெர்மனி திரும்பணும்னா உங்க ஷெங்கன் விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும். இன்னொண்ணு, 2025 அக்டோபர்லருந்து எல்லைல ஸ்டாம்புக்குப் பதிலா கைரேகை, முகப் போட்டோ எடுக்கற புது முறை வந்திருக்கு, முதல் தடவை நேரம் ஆகும், இறங்கின உடனே ரயில் புக் பண்ணிடாதீங்க.

கேள்வி: பொண்ணுக்கு நெய் மைசூர்பாக், பால்கோவா, கறிவேப்பிலை எல்லாம் கொண்டு போகலாமா?
(வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: வேணாம்மா. வெளிநாட்டுலருந்து வர்ற பயணிங்க பால் பொருள், கறி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு சட்டம், உங்க ஊரு பால்கோவா முழுசா பாலுதான், பிடிச்சா தூக்கிப் போட்டுடுவாங்க, பாத்துட்டு நிக்க மனசு கேக்காது. பச்சைக் கறிவேப்பிலை, காய், பழத்துக்கெல்லாம் சான்றிதழ் வேணும், ஆனா தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழத்துக்கு விலக்கு இருக்கு. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், வத்தல், கடலைமிட்டாய் தாராளமா எடுத்துட்டு போங்க, ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் செக்இன் பெட்டில வைங்க. பாரிஸ் போனா லா ஷப்பேல் பகுதிக்கு போங்க, பெரிய ரயில் ஸ்டேஷன்லருந்து நடக்கற தூரம், இலங்கைத் தமிழர்கள் கடை வரிசையா இருக்கு, முருங்கைக்காய்லருந்து தோசைமாவு வரைக்கும் கிடைக்கும், பக்கத்துலயே பிள்ளையார் கோயிலும் இருக்கு. மூணு நாள் ரொட்டி சாப்பிட்டு சலிச்சவங்களுக்கு அங்க ஒரு வேளை சாப்பாடு போதும், முகம் மாறிடும்.

கேள்வி: மகள் நெதர்லாந்தில் படிக்கிறாள். போன வருடம் போயிருந்தோம். ஊரில் அவ்வளவு பாசமா பேசுற பொண்ணு அங்க "சீக்கிரம் வாங்க", "சத்தமா பேசாதீங்க", "அங்க நிக்காதீங்க"ன்னு அதட்டிட்டே இருந்தா. ஒரு நாள் ராத்திரி நான் அழுதுட்டேன், அவளுக்குத் தெரியாது. இந்த வருடமும் கூப்பிடறா. போறதா வேணாமான்னு இருக்கு.
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: போங்கம்மா, கண்டிப்பா போங்க.

உங்க பொண்ணு பக்கம் கொஞ்சம் பாருங்க. ரயில் எந்த பிளாட்பாரம், அது லேட்டானா அடுத்தது எது, ஹோட்டல் சாவி எப்படி வாங்கறது, இந்த சூப்புல கறி இருக்கா, அப்பா மாத்திரை போட்டாரா, கார்டுல பணம் இருக்கா, எல்லாமே அவ ஒருத்தி தலைல. இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசுப் பொண்ணு திடீர்னு குடும்பத் தலைவி ஆயிட்டா, அதுவும் பாஷை தெரியாத ஊர்ல. அங்க ரயில்ல அமைதியா உக்கார்ற பெட்டின்னே தனியா இருக்கும், சைக்கிள் போற சிவப்புப் பாதைல நாம தெரியாம நின்னுட்டா மோதிடுவாங்க, அந்த பயத்துல வர்ற அதட்டல் அது. ஆனா உங்க அழுகையும் நியாயம்தான், பெத்தவங்கள அப்படி பேசறது சரின்னு நான் சொல்ல மாட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணி "போன தடவை நீ அதட்டினது எனக்கு வலிச்சுது"ன்னு நேரா சொல்லிடுங்க. அவளுக்குத் தெரியாதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க, தெரிஞ்சாதானே மாத்திக்குவா.

அங்க போய் மூணு நாளைக்கு ஒரு நாள் எந்த பிளானும் இல்லாம விடுங்க. அவ லைப்ரரிக்கோ ஃப்ரெண்ட்ஸோடவோ போகட்டும், நீங்களும் சாரும் தனியா பக்கத்து பார்க், சூப்பர்மார்க்கெட் போயிட்டு வாங்க.

இத படிக்கிற பிள்ளைங்களுக்கும் சொல்றேன், அவங்க கைல டிக்கெட்ட குடுங்க, டிராம்ல எப்படி கார்ட வைக்கறதுன்னு ஒரு தடவை காட்டுங்க, போன்ல அந்த ஊர் டேட்டா போட்டுக் குடுங்க, வீட்டு அட்ரஸ ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க, அவசரம்னா யூரோப் முழுக்க 112-ன்னு சொல்லிக் குடுங்க. எங்க அம்மா வந்தப்ப ரெண்டாவது நாளே தனியா பேக்கரிக்குப் போய் விரலைக் காட்டி பன் வாங்கிட்டு வந்தாங்க, அப்புறம் தினமும் காலைல அது அவங்க வேலை, என்னை எழுப்பக்கூட இல்ல. வாடகை, ஃபீஸ், நிர்வாகம்னு ஆயுசு முழுக்க எல்லாத்தையும் தனியா சமாளிச்ச மனுஷங்க அவங்க, உங்க பின்னாடியே நடக்க மட்டும் வச்சா அவங்களுக்கும் மூச்சு முட்டும்.

கேள்வி: நான் லியோன்ல படிக்கிறேன், 24 வயசு. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே ரயில் பாஸ் எடுக்கலாமா?
(மாணவி, பிரான்ஸ்)

பதில்: ஒரே பாஸ் வராதும்மா. நீங்க யூரோப்ல குடியிருக்கவங்க, உங்களுக்கு இண்டர்ரெயில், அம்மா இந்தியாவுல இருக்கறதால அவங்களுக்கு யூரெயில். இண்டர்ரெயில்ல நீங்க குடியிருக்க நாட்டுக்குள்ள போக ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம்தான் கணக்கு. அதோட பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயில்ல பாஸ் இருந்தாலும் சீட்டுக்கு தனியா காசு கட்டி ரிசர்வ் பண்ணணும். மூணு நாலு பெரிய பயணம் மட்டும்னா முன்னாடியே தனித்தனி டிக்கெட் எடுக்கறதுதான் பெரும்பாலும் லாபம், கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. 26 வயசுக்குள்ள இருந்து அங்க குடியிருக்க பெர்மிட் இருந்தா உங்களுக்கு லூவ்ர் இலவசம், அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் எடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு பிபி, ஸ்டென்ட் வச்சிருக்கு. யுங்ஃபிராவ் கூட்டிட்டுப் போகலாமா?
(மாணவர், சூரிக்)

பதில்: அந்த மலை ரயில் போய் நிக்கற ஸ்டேஷன் 3,454 மீட்டர்ல இருக்கு, ரயில்ல உக்காந்தே அவ்ளோ உயரம் போயிடறதால உடம்புக்குப் பழக நேரமே இல்ல. இதய டாக்டர் சரின்னு சொல்லாம கூட்டிட்டுப் போகாதீங்க, அப்பா ஆசைப்பட்டாலும் சரி. பனிமலை பாக்க அவ்ளோ மேல போகணும்னு இல்ல. லாட்டர்புரூனன் பள்ளத்தாக்குல 297 மீட்டர்லருந்து அருவி விழறது ரோட்டுலருந்தே தெரியும், காசே இல்ல. இண்டர்லாக்கன்லருந்து ஹார்டர் குல்ம் இழுவை ரயில்ல 1,300 மீட்டர் சொச்சம்தான், மேல நின்னா ரெண்டு ஏரியும் யுங்ஃபிராவும் சேர்ந்து தெரியும். துன் ஏரில படகு இருக்கு, அப்பா கால நீட்டி உக்காந்துக்கலாம். எந்த மலைக்கும் டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு காலைல வெப்கேம்ல மேகம் இருக்கான்னு பாருங்க.

கேள்வி: பாட்டியும் கூட வர்றாங்க, விமானத்துல வீல்சேர் கேட்டா காசு வாங்குவாங்களா?
(வாசகி, சேலம்)

பதில்: வாங்க மாட்டாங்கம்மா, இலவசம். கிளம்பறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி ஏர்லைன்ல சொல்லி புக்கிங்ல ஏத்திடுங்க, நடுவுல விமானம் மாறற இடத்துக்கும் சேர்த்து சொல்லணும். மாத்திரையெல்லாம் பிரிஸ்கிரிப்ஷனோட கைப்பைல, செக்இன் பெட்டில வேணாம். ஐரோப்பால ஸ்டேஷன் டாய்லெட்டுக்கு நிறைய இடத்துல 50 சென்ட், ஒரு யூரோன்னு கேப்பாங்க, பாட்டி சுருக்குப் பைல கொஞ்சம் சில்லறை போட்டுக் குடுத்துடுங்க.