ஆஃபர் இருக்கட்டும், முதல்ல கேபினெட்டைத் தொறங்க: வாசகர் கேள்வி பதில்

பொங்கல் முடிஞ்ச கையோட குடியரசு தின சேல் வந்துடுச்சு. இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி "இதை வாங்கலாமா"ன்னு தான் இருக்கு. எல்லாத்துக்கும் இடம் இல்ல, அஞ்சு மட்டும் எடுத்துக்கிட்டேன்.

எங்க வீட்டு கம்ப்யூட்டர் 2019ல வாங்கினது. ஐ5 9400, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பையன் செகண்ட் பியூ (பன்னெண்டாவது) படிக்கிறான். ஆன் பண்ணிட்டுப் போய் பல் தேச்சிட்டு வந்தா தான் டெஸ்க்டாப்பே வருது. சேல்ல 45 ஆயிரத்துக்கு புதுசு வாங்கிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். வாங்கலாமா?
வாசகி, ஸ்ரீராமபுரம்

அக்கா, வீட்டுக்காரரை ரெண்டு நாள் பிடிச்சு வைங்க. மெஷினை ஆன் பண்ணி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபாமன்ஸ்ல போய்ப் பாத்தா சிபியு (பிராசசர்), மெமரி, டிஸ்க்னு தனித்தனியா காட்டும். உங்க வீட்டுல என்ன காட்டும்னு நான் இங்க இருந்தே சொல்றேன், டிஸ்க் 100 சதவீதத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்கும், சிபியு பாவம் பத்து பதினஞ்சுல சும்மா இருக்கும். அதாவது சமையல்காரர் அடுப்பைப் பத்த வச்சிட்டு உக்காந்திருக்கார், மளிகைக்கு அனுப்பின பையன் தான் இன்னும் வீடு வந்து சேரல.

ஹார்ட் டிஸ்க்னா உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும், அது மேல ஒரு முள் இங்கயும் அங்கயும் ஓடணும். ஒரே பெரிய ஃபைலா இருந்தா செகண்டுக்கு 150 எம்பி கூடப் படிச்சிடும், ஆனா விண்டோஸ் ஆன் ஆகறப்ப அங்கங்க சிதறிக்கிடக்கற ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்ல முள்ளு ஓடி ஓடியே ஓஞ்சுபோய் ஒண்ணு ரெண்டு எம்பிக்கு வந்துடும். அதுக்குப் பதிலா போடற எஸ்எஸ்டில சுத்தற தட்டும் இல்ல, முள்ளும் இல்ல. சாதா சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பிக்கு மேல போகும். 500 ஜிபி ஒண்ணு வாங்கிப் போடுங்க, புது மெஷின் விலையில ஒரு சின்னப் பங்கு தான் வரும், பையன் பல் தேய்க்கறது பிரஷ்ல பேஸ்ட் வைக்கறதோட நின்னுடும்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்குங்க. எஸ்எஸ்டி டப்பாவுக்குள்ள சாட்டா கேபிள் இருக்காது, தனியா கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, புதுசுல விண்டோஸ் ஏத்தறப்ப பழைய ஹார்ட் டிஸ்கோட கேபிளைக் கழட்டி வச்சிடுங்க. நான் ஒரு தடவை கழட்டாம ஏத்திட்டேன். விண்டோஸ் என்னமோ புதுசுல தான் உக்காந்துச்சு, ஆனா பூட் ஆகற சின்னப் பகுதியைப் பழசுல கொண்டுபோய் வச்சிருச்சு. ஆறு மாசம் கழிச்சு பழசு செத்துது, நல்லா இருந்த எஸ்எஸ்டியும் ஆன் ஆகாம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாம் முடிச்சப்பறம் பழசை மறுபடி மாட்டிக்குங்க, கல்யாண போட்டோ எல்லாம் அதுலயே கிடக்கட்டும்.

உங்க ஐ5 9400ல முதல்ல வர்ற 9ன்னா ஒன்பதாவது ஜெனரேஷன், அதனால விண்டோஸ் 11 தாராளமா ஏறும். விண்டோஸ் 10க்கு சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, அதைச் சொல்லித்தான் இப்போ நிறைய பேர் புது மெஷினைத் தலையில கட்டறாங்க. பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடற போர்டோட செட்டிங்ஸ்ல, டிபிஎம்ங்கற பாதுகாப்பு வசதி ஆஃப்ல இருக்கலாம், இன்டெல் போர்டுல பிடிடின்னு இருக்கும், அதை ஆன் பண்ணினா போதும். ரேம் 8 போதுமான்னு அடுத்து கேப்பீங்க, பத்து டேப் தொறந்து வச்சுக்கிட்டு வேலை பாத்தா போதாது தான், ஆனா இப்போ ரேம் வாங்கற நேரம் இல்ல. ஏன்னு கீழ இன்னொரு தம்பிக்குச் சொல்லியிருக்கேன்.

50 ஆயிரம் ரூபா லேப்டாப்புக்கு நோ காஸ்ட் இஎம்ஐ போட்டிருக்கான். வட்டியே இல்லன்னா பேங்க்காரனுக்கு என்ன லாபம்?
வாசகர், கே.ஆர்.புரம்

வட்டி இல்லாம எந்த பேங்க்கும் கடன் தராது சார். ஜீரோ பர்சன்ட் வட்டின்னு சொல்லி விக்கற வேலையை ரிசர்வ் பேங்க் 2013லயே கூடாதுன்னுடுச்சு. இப்போ நடக்கறது என்னன்னா, வட்டி எவ்வளவு வருமோ அந்தத் தொகையை பொருள் விலையில டிஸ்கவுண்டா கழிச்சிட்டு, அப்பறம் அதையே வட்டியா உங்ககிட்ட வாங்கிக்கறாங்க. வட்டி 2,500 ரூபான்னு வைங்க, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 450 ரூபா, அது உங்க கையில இருந்து தான் போகும். புராசசிங் ஃபீஸ் 199ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235 ஆச்சு. மொத்தம் 685. பெரிய தொகை இல்ல தான், ஆனா மொத்தமா கட்டினா கிடைக்கற கார்டு டிஸ்கவுண்ட் இஎம்ஐக்கும் உண்டான்னு பாருங்க. பல நேரம் ரெண்டுக்கும் வேற வேற தொகை இருக்கும், நிஜ நஷ்டம் அங்க தான் ஒளிஞ்சிருக்கும்.

ஜிஎஸ்டி குறைச்சதால மானிட்டர் எல்லாம் விலை இறங்கிடுச்சு, இப்பவே 24 இன்ச் எடுத்துக்கோன்னு கடையில சொல்றாங்க. நிஜமா?
வாசகி, அல்சூர்

2025 செப்டம்பர் 22ல 28ல இருந்து 18க்கு இறங்கினது 32 இன்ச்சுக்கு மேல இருக்கற மானிட்டருக்குத் தான். உங்க 24 இன்ச் அன்னைக்கும் 18, இன்னைக்கும் 18. லேப்டாப்பும் அப்படியே தான்.

ரைசன் 5 1600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஜிடிஎக்ஸ் 1060 வச்சிருக்கேன். விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லிடுச்சு. பட்ஜெட் 15 ஆயிரம். கொஞ்சம் கடன் வாங்கி ஏஎம்5க்குப் போயிடலாமா?
வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

தம்பி, கடன் வாங்காதப்பா. ஏஎம்5ன்னா பிராசசர் உக்கார்ற புது சாக்கெட், அதுக்குப் போனா பிராசசர், போர்டு, ரேம் மூணும் புதுசு. அங்க டிடிஆர்5 மட்டும் தான், உன்கிட்ட இருக்கற ரேம் ஸ்லாட்டுக்குள்ளயே போகாது, வெட்டு வேற இடத்துல இருக்கும். அந்த ரேம் தான் இப்போ நெருப்பு விலை. உலகத்துல ரேம் சிப் பண்றவங்கள்ல பெரிய கை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே பேர். அவங்க மூணு பேரும் ஏஐ டேட்டா சென்டருக்கு சப்ளை பண்ற பக்கம் சாஞ்சுட்டாங்க. 2025 கடைசியில சில மாசத்துலயே விலை ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு, டிசம்பர்ல மைக்ரான் குரூஷியல் பேருல நமக்கு வித்துக்கிட்டு இருந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடறேன்னு அறிவிச்சிடுச்சு. இந்த நேரத்துல சேல்ல ரேமுக்கு 40 சதவீதம் தள்ளுபடின்னு போட்டா எதுல இருந்து 40ன்னு பாக்கணும். போன வருஷ பில் இருந்தா பக்கத்துல வச்சுப் பாரு, அழுகை வரும்.

உன் போர்டுல நல்ல வாழ்வு இன்னும் மிச்சம் இருக்கு. ஏஎம்4 சாக்கெட் 2016ல வந்தது, அதே சாக்கெட்ல ரைசன் 5 5600 உக்காரும், உன் 15 ஆயிரத்துக்குள்ளயே அடங்கிடும். விண்டோஸ் 11 ஏறும்னு மைக்ரோசாஃப்ட் போட்டிருக்கற பிராசசர் லிஸ்ட்ல உன் 1600 இல்ல, 5600 இருக்கு, அதனால விண்டோஸ் 11 பிரச்சனையும் அதோட முடிஞ்சது. ரேம் அதே, கிராபிக்ஸ் கார்டு அதே, டப்பாவுக்குள்ள ஃபேனும் வரும்.

ஆனா வரிசை முக்கியம். பழைய பிராசசர் உள்ள இருக்கறப்பவே பயாஸை அப்டேட் பண்ணிடணும். 5600ஐ மாட்டிட்டு அப்பறம் பண்ணிக்கலாம்னு நினைச்சா ஸ்கிரீனே வராது. போர்டு கம்பெனி சைட்ல உன் மாடலைத் தேடி எந்த பயாஸ்ல இருந்து 5600 வேலை செய்யும்னு பாரு, பென் டிரைவ்ல போட்டு ஏத்து. பாதியில கரண்ட் போனா போர்டு கல்லு தான், கரண்ட் கம்பெனி பெஸ்காமை நம்பி இறங்காம யூபிஎஸ் இருக்கற வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பண்ணு.

அப்பறம் ஃபேனைக் கழட்டற இடம். ஏழெட்டு வருஷமா அங்க இருக்கற தெர்மல் பேஸ்ட் காஞ்சு கோந்து மாதிரி பிடிச்சிருக்கும். அப்படியே மேல இழுத்தீன்னா லாக் பண்ணின சாக்கெட்ல இருந்தே பிராசசரும் பிச்சுக்கிட்டு ஃபேனோட வந்துடும், ஏஎம்4ல காலெல்லாம் பிராசசர் அடியில தான், நாலு கால் வளைஞ்சா ஊசியும் பூதக்கண்ணாடியும் வச்சுக்கிட்டு உக்காரணும். அதனால கழட்டறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒரு கேம் ஓடவிடு, பேஸ்ட் இளகும். ஆஃப் பண்ணி வயரைப் பிடுங்கிட்டு ஸ்குரூவையோ கிளிப்பையோ எடுத்து, ஃபேனை இடது வலதுன்னு மெதுவா திருகு, ஜாம் பாட்டில் மூடி திருகற மாதிரி. விட்டுச்சுன்னு கைக்குத் தெரியும், அப்போ தூக்கு. பழைய 1600ஐ வித்தா ஏதோ கொஞ்சம் காசும் திரும்பும்.

ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். எஸ்பி ரோட்ல ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் ஐ5 நாலாவது ஜெனரேஷன் 9 ஆயிரத்துக்குத் தர்றாங்க, விண்டோஸ் 11 போட்டே தர்றோம்னு சொல்றாங்க. ஆன்லைன் சேல்லயும் அதே மாதிரி இருக்கு. எது நல்லது?
வாசகர், கம்மனஹள்ளி

ரெண்டுமே வேணாம்ணே. நாலாவது ஜெனரேஷன்ல விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில தான் ஏத்தியிருப்பாங்க. இன்னைக்கு ஓடும், நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் வர்றப்ப என்ன ஆகும்னு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு எடுத்துக்காது. எட்டாவது ஜெனரேஷன் ஐ5னு கேளுங்க, ஆறு கோர் இருக்கும், டிடிபிக்கு யதேஷ்டம். பெங்களூர்ல ஐடி கம்பெனிங்க லீஸ் முடிஞ்சு லாட் லாட்டா தள்ளிவிடற ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் எல்லாம் எஸ்பி ரோட்ல அடுக்கி வச்சிருப்பாங்க, கட்டு நல்லா இருக்கும். ஒரே தொல்லை, பல மாடல்ல எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் கொடுக்கற டப்பா) அந்த கம்பெனியோட தனி அளவு, போச்சுன்னா தெருமுனைக் கடையில வாங்கி மாட்ட முடியாது. பின்னாடி பெரிய கிராபிக்ஸ் கார்டு போடற யோசனை இருந்தா அதனாலயே கஷ்டம்.

ஆன்லைன் விலையை போன்ல எடுத்து வச்சுக்கிட்டு நேர்ல போங்க, "லாஸ்ட் எஷ்டு"ன்னு, அதாவது கடைசி விலை எவ்வளவுன்னு கன்னடத்துல கேளுங்க, தமிழ்ல கேட்டாலும் பாதிப் பேர் தமிழ்லயே பதில் சொல்வாங்க. எஸ்பி ரோடை சதர் பத்ரப்பா ரோடுன்னு முழுப் பேர் சொன்னா ஆட்டோக்காரருக்கே தெரியாது, சிக்பேட் மெட்ரோவுல இறங்கி நடந்துடுங்க. கடையிலயே ஆன் பண்ணச் சொல்லி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்க. பில்லுல சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க, நான் ஒரு கடையில துண்டுச் சீட்டை வாங்கிட்டு வந்து, பதினஞ்சாவது நாள் எஸ்எஸ்டி போய்த் திரும்பப் போனப்ப "இது எங்க மால் (சரக்கு) இல்லையே"ன்னு கேட்டவன் முகத்தை இன்னும் மறக்கல. உங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் இருந்தா அதையும் பில்லுல போடச் சொல்லுங்க, கட்டின வரியை எடுத்துக்கலாமான்னு ஆடிட்டர் பாத்துச் சொல்வார். ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க, முக்கால்வாசி ஷட்டர் இறங்கித் தான் இருக்கும்.