மாரி மழையில் வாகனத்தின் முன்கண்ணாடி வெள்ளையாகிறது, ஏசி போட்டும் போகவில்லை. என்ன செய்யலாம்?

மாங்குளம் பக்கம் ஏ-9 வீதியில் அடைமழைக்குள் ஓடுபவர்களுக்கு இது வழமையான தொல்லை. முதலில் உட்பக்கம் விரலால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். கோடு தெரிந்தால் ஈரம் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. இரண்டுக்கும் வைத்தியம் நேர்மாறு.

உள்ளே என்றால் ஏசியை ஓடவிட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றுச் சுழற்சியை நிறுத்துங்கள். பலரும் பிழைவிடுவது இந்தச் சுவிச்சில்தான். சுழற்சியில் விட்டால் நாலு பேரின் மூச்சும் நனைந்த உடுப்பின் ஈரமும் உள்ளேயே சுற்றும். ஏசி இல்லாத வாகனத்தில் இரு பக்கக் கண்ணாடியையும் இரண்டு சென்ரிமீற்றர் இறக்குங்கள்.

வெளியே என்றால், ஏசியில் குளிர்ந்த கண்ணாடி ஐஸ் தண்ணிக் கிளாஸ் மாதிரி வேர்க்கிறது. வைப்பரைப் போட்டு, காற்றைக் காலுக்கு மாற்றி, குளிரைக் குறையுங்கள்.

கையால் துடைக்காதீர்கள். கையின் எண்ணெய்ப் பசையில் ஆவி இன்னும் ஒட்டும். சவர்க்காரத் தண்ணியால் கழுவி, காய்ந்த துவாயால் துடைத்தால் போதும்.

ஒவ்வொரு நாளும் வந்தால் இடப்பக்க முன் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரமென்றால் பெரும்பாலும் ஏசித் தண்ணி வடியும் குழாய் அடைத்திருக்கும். இனிப்பு மணத்தோடு பிசுபிசுத்தால் ஹீற்றரில் கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கும் திரவம்) கசிகிறது, கராஜுக்குக் கொண்டுபோங்கள்.