பெரியப்பா கேட்கச் சொன்ன கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

காங்கயத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறான். வன்னியில் பிறந்தவள். போர் முடிந்தபின் அம்மாவோடு இங்கே வந்து மறுவாழ்வு முகாமில் இருக்கிறாள். 'அவங்களும் வெள்ளாளர்தானாம்' என்று தெரிந்ததும் அப்பா இறங்கி வந்துவிட்டார். இப்போது பெரியப்பா வேறொன்றைக் கிளப்பியிருக்கிறார். 'மிலிட்டரி அடைச்சு வெச்சிருந்த எடத்துல இருந்த புள்ளை. அங்க என்ன நடந்துச்சோ யாரு கண்டா? கேட்டுத் தெரிஞ்சுக்காம எப்படிக் கட்டறது?' என்கிறார். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்கிறார் அத்தை. தம்பி கேட்கவே மாட்டேன் என்கிறான். கேட்காமல் கட்டினால், மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் உட்கார்ந்து செய்யும் இணைச்சீருக்கு நான் உட்காரக் கூடாதாம். நான் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மணிக்கு,

உட்காருங்கள்.

சாதிக்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்த கதையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அது இன்னொரு நாளைக்கு.

டாக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். என்றைக்கோ ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது, நடக்கவில்லை என்று பார்த்துச் சொல்லும் சோதனை மருத்துவத்தில் கிடையாது. பாலியல் வன்முறை வழக்குகளிலேயே, பெண்ணின் உடலில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை தவறு என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. அதைச் செய்கிறவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவார் என்று 2022-இல் கண்டிப்பாகவே எழுதியது. வழக்குக்கே ஆகாத ஒன்றைக் கல்யாணப் பேச்சுக்குள் கொண்டுவருகிறார் உங்கள் அத்தை. சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பெரியப்பா கேட்கச் சொல்வது மேலுக்கு நியாயம் மாதிரித் தெரிகிறது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வவுனியா பக்கத்து மெனிக் ஃபார்ம் முகாமிலும் மற்ற முகாம்களிலும் ஏறத்தாழ 3 லட்சம் பேரை முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்திருப்பாள். பெரியப்பா கணக்குப்படி அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் சந்தேகத்துக்கு உரியவள். படையினரின் பிடியில் இருந்தவர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2015-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. பெண்கள் மட்டுமில்லை, ஆண்களும். ஆனால் அங்கிருந்து வந்த மாப்பிள்ளை யாரையும் எந்தப் பெரியப்பாவும் இந்தக் கேள்வி கேட்டதாக நான் அறியேன்.

சரி, கேட்டே விடுகிறீர்கள் என்று வையுங்கள். 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அவள் சொன்னால் பெரியப்பா நம்பப் போகிறாரா? 'நடந்தது' என்றால் தாம்பூலம் மாற்றச் சொல்வாரா? இரண்டுக்கும் பதில் உங்களுக்கே தெரியும். அப்புறம் எதற்குக் கேட்பது? அவளாக என்றைக்காவது யாரிடமாவது ஏதாவது சொன்னால் அது அவள் விருப்பம். சொல்லாவிட்டாலும் அப்படியே.

நம் பக்கத்தில் யாரையும் முகத்துக்கு நேரே ஒதுக்க மாட்டார்கள். சத்தியமங்கலத்துக்கு மேற்கே, மலையடிவார ஊர் ஒன்றில் ஒரு சீர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீரப்பனைத் தேடிய காலத்தில் விசாரணை என்று கூட்டிப்போய்ப் பல நாள் கழித்துத் திரும்பிய அம்மா ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சந்தனம், குங்குமத் தட்டு வரிசையாக வந்தது. அவர் முன்னால் வந்ததும், தட்டைக் கொண்டுவந்த பெண் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி லேசாக நின்றாள். அடுத்த எட்டு அவரைத் தாண்டி விழுந்தது. யாரும் தப்பாக ஒரு சொல் பேசவில்லை. 'சாப்புட்டீங்களா?' என்று ஆளுக்கு ஆள் அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தத் தேடுதலில் பாதிக்கப்பட்டவர்களில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007-இல் சொன்னது. அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒதுக்குவது சீரில் நடக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான். ஈராக்கில் 2014 ஆகஸ்டில் ஐஎஸ் படை சிஞ்சார் பகுதியில் யாசிதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் தூக்கிப்போனது. வேற்று மதத்தானோடு சேர்ந்தவளுக்குத் திரும்பி வர வழியில்லை என்பது யாசிதிகளின் பழைய கட்டுப்பாடு. அவர்களின் மதப் பெரியவரான பாபா ஷேக்கே, தப்பி வருகிறவர்கள் நம் பிள்ளைகள், வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். லாலிஷ் கோயில் ஊற்றில் அவர்களுக்குப் புனித நீர்ச் சடங்கு நடந்தது. எந்த அரசாணையும் செய்யாததை அது செய்தது. ஆனால் பெரியவர்கள் பாதி வழிதான் வந்தார்கள். அந்தப் பெண்களுக்கு ஐஎஸ் பிடியில் பிறந்த பிள்ளைகளையும் ஏற்பதுபோல 2019 ஏப்ரலில் அவர்களின் மத சபை ஒன்று சொன்னது. சில நாளிலேயே, இல்லை, அந்தப் பிள்ளைகள் சேர்த்தி இல்லை என்று விளக்கம் கொடுத்தது. பிள்ளையா, ஊரா என்று தாய்மார்கள் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கத்திலும் கவனம் வேண்டும். 1971 போருக்குப் பின் வங்கதேசம் இப்படிப்பட்ட பெண்களுக்கு 'பீரங்கொனா', அதாவது வீராங்கனை என்று பட்டம் கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பல வீடுகளில் சேர்க்கவில்லை, பட்டமே ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. விடுதலைப் போராட்டக்காரர் பட்டியலில் சேர்த்து உதவித்தொகை கொடுக்க 2015 வரை ஆயிற்று. அதனால் 'தம்பி அந்தப் புள்ளைக்கு வாழ்க்கை குடுக்கறான்' என்று யாராவது புகழ ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெரியப்பா பேச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் உங்கள் ஊர் அருமைக்காரரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பெரியப்பாவிடம் நீங்கள் வாதாடுவதைவிட, 'சீர் நான் செய்து வைக்கிறேன்' என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை மேல். பெரியப்பா தன் மகளை உங்கள் இடத்தில் உட்காரவைக்கப் போவதில்லை. ஆகவே நீங்கள் ஒதுங்கினால்தான் சீர் நின்றுபோகும். உட்கார்ந்தால் அவர் பேச்சு உடனே நின்றுவிடாது, மெதுவாகக் குறையும்.

கூறை எடுக்கப் போகும்போது அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிப்போங்கள். முகாமில் சொல்லிவிட்டு வருவது, திருமணப் பதிவுக்கான காகிதங்கள் என்று வேலை இருக்கும். தேதி குறிக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.