புதிதாக உருவாகும் வீடியோ கேம் வகைக்கு நாமே பெயர் வைக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் ஒரு கேம் செய்து முடித்துவிட்டு, ஸ்டோர் பக்கத்தில் என்ன வகை என்று போடுவது எனத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

வைக்கலாம். ஒட்டுமா என்பது வேறு விஷயம். ஜப்பானின் பிரபல கேம் இயக்குநர் கோஜிமாவே 2019இல் தன் டெத் ஸ்ட்ராண்டிங் கேமை 'ஸ்ட்ராண்ட் கேம்' என்றார். அவ்வளவு பெரிய ஆள் சொல்லியும் அந்தப் பெயரில் கூட்டம் சேரவில்லை. வால்வ் நிறுவனம், தன் டோட்டா 2 கேமை 'ஆக்‌ஷன் ஆர்டிஎஸ்' (நிகழ்நேர வியூக ஆட்டம்) என்று சொல்லிப் பார்த்தது. போட்டி நிறுவனமான ரயட் பரப்பிய 'மோபா' (பலர் இணையத்தில் மோதும் கள ஆட்டம்) என்ற பெயர்தான் நின்றது.

என் கதைக்கு வருகிறேன். நான் செய்தது, பாத்திரம் தானாகவே சுடும், நாம் நடந்து தப்பிக்க மட்டும் வேண்டிய சின்ன கேம். 2021 கடைசியில் வாம்பயர் சர்வைவர்ஸ் வந்து ஓடு ஓடென்று ஓடியதே, அதே இனம். 'தானியங்கிச் சுடு களம்' என்று நானே ஒரு பெயர் யோசித்து விளக்கத்தின் முதல் வரியில் போட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. முதலில் வந்த விமர்சனமே 'இன்னொரு வாம்பயர் சர்வைவர்ஸ் காப்பி'. எரிச்சலாக இருந்தது. வாம்பயர் சர்வைவர்ஸுக்கே மேஜிக் சர்வைவல் என்ற மொபைல் கேம்தான் தூண்டுதல். கூட்டம் கூட்டமாக வரும் அரக்கர்களைச் சுட்டுத்தள்ளும் கிரிம்சன்லேண்ட் 2003லேயே வந்துவிட்டது. முதலில் செய்தவர் பெயர் நிற்பதில்லை. முதலில் ஹிட் ஆனதன் பெயர்தான் நிற்கிறது.

'காப்பி அடித்துவிட்டு நியாயம் பேசுகிறான்' என்று சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். டூம் என்ற சுடும் கேம் 1993இல் வந்த பிறகு அதைப் போன்ற எல்லாவற்றையும் சில வருடங்கள் 'டூம் க்ளோன்' என்றுதான் அழைத்தார்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசமான கேம்கள் போதுமான அளவு வந்த பிறகுதான் எஃப்பிஎஸ் (பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்துச் சுடும் கேம்) என்ற பெயர் நிலைத்தது. எல்லா வகைக்கும் அப்படி நடக்கும் என்றும் சொல்ல முடியாது. 1980இல் வந்த ரோக் கேமின் பெயர் இன்னும் 'ரோக்லைக்' (ரோக் போன்றது) என்ற வகைப் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. 2008இல் ரோக்லைக் செய்பவர்கள் பெர்லினில் கூடி, செத்தால் முதலிலிருந்து, கட்டம் கட்டமாக நகர்வு, முறை வைத்து ஆட்டம் என்று இலக்கணமெல்லாம் எழுதினார்கள். அதே வருடம் வந்த ஸ்பெலங்கி, கட்டமும் இல்லாமல் முறையும் இல்லாமல் தாவிக் குதித்தது. அதையும் ஜனங்கள் ரோக்லைக் என்றே கூப்பிட்டார்கள்.

    

சரி, உங்களுக்கு. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் டேக்குகளை (வகையைச் சொல்லும் குறிச்சொற்களை) ஆடுபவர்களும் போடலாம், அதனால் அங்கே புரட்சி வேண்டாம். பழகிய டேக்கைப் போடுங்கள். என் கேம் மாதிரி என்றால் 'புல்லட் ஹெவன்'. விளக்கத்தின் முதல் வரியில் வகைப் பெயரே வேண்டாம், ஆடுபவர் என்ன செய்வார் என்று மட்டும் எழுதுங்கள். நான் அப்படி மாற்றிய பிறகு 'காப்பி' என்று எழுதுபவர்கள் குறையவில்லை. ஆனால் 'இது என்ன கேம்?' என்று கேட்பது நின்றுவிட்டது.