மணல் வளவுக்கு எந்தச் சல்லி?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு நிலாவெளியில், கடலுக்குக் கிட்ட. கேற்றிலிருந்து வீட்டு வாசல் வரை 40 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு வெறும் மணல். போன மாரியில் காரின் பின்சில்லு புதைந்து, அயலவர்கள் வந்து தள்ளித்தான் எடுத்தோம். வெள்ளைக் கூழாங்கல் போடுவோம் என்கிறாள் மகள். கிரவல் (செம்மண் கலந்த சரளை) போதும் என்கிறார் மேசன். அம்மா ஊன்றுகோலோடு நடப்பவர். எதைப் போடுவது?
– ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, கூழாங்கல்லை முதலில் விட்டுவிடுங்கள். ஊன்றுகோலோடு ஒருவர் நடக்கும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு பிடி கூழாங்கல்லை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பாருங்கள், வழுக்கி விரலிடுக்கால் வெளியே வரும். உடைத்த கருங்கல் சல்லியை அதே மாதிரி இறுக்கினால் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும், கையிலும் குத்தும். சில்லுக்குக் கீழே நடப்பதும் இதுதான்.

ஆனால் உங்கள் நிலத்தில் மேலே போடும் கல்லைவிட அதற்குக் கீழே இருப்பதுதான் முக்கியம். நான் இருப்பது உவர்மலையில், அங்கே தரை இறுக்கம். உங்களுடையது மணல். உப்புவெளியில் என் தங்கை வீட்டில், நான் ஊரில் இல்லாத நேரம், மணலுக்கு மேலேயே இரண்டு அங்குலத்துக்குச் சல்லியைப் பரவிவிட்டார்கள். சல்லியில் குறை இல்லை. இரண்டு மாரி போக, சில்லுத் தடத்தில் மணல் மட்டும்தான் தெரிந்தது. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் கல் கிடந்தது. அவள் சேர்த்துவைத்த காசு மண்ணுக்குள் போனது எனக்கு இன்னும் மனவருத்தம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நாலு அங்குலம் மணலை வெட்டி எடுங்கள். தண்ணீர் அடித்து, மட்டம் பார்த்து, இறுக்குங்கள். அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். கல்லும் மணலும் கலக்காமல் பிடிப்பது அதுதான், தண்ணீரைக் கீழே விடவும் விடும். மலிவாக இருக்கிறது என்று பொலித்தீன் விரிக்க வேண்டாம், தண்ணீர் மேலேயே நின்றுவிடும்.

துணிக்கு மேலே ஏபிசி போடுங்கள். ஒன்றரை அங்குலக் கல்லிலிருந்து கல்தூள் வரை கலந்து வருவது அது. ரோட்டு வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக நின்ற காலம் முழுக்க நான் நம்பியது அதைத்தான். தூள் இடுக்குகளை அடைத்துக்கொள்வதால் இறுகிப்போகும். நாலு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தட்டாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்து, கொம்பக்டர் வாடகைக்கு எடுத்து இறுக்கச் சொல்லுங்கள்.

மேசன் சொல்லும் கிரவலும் அடித்தட்டுக்குப் பிழையில்லை. ஆனால் அதையே மேல்தட்டாக விட்டால் கச்சான் காற்றுக்குச் செம்புழுதி வீட்டுக்குள் வரும், மாரிக்குச் சேறாகும். கிரவல்தான் என்று முடிவெடுத்தால், இறக்குவதற்கு முன்னம் ஒரு பிடியை நனைத்து உருட்டிப் பாருங்கள். முறுக்குப்போல நீளமாகத் திரிந்தால் களி அதிகம், வேண்டாம். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தாலும் வேண்டாம். உருண்டையாக நின்று, கீழே போட்டதும் உடைந்தால் அது நல்ல கிரவல்.

மேலே முக்கால் அங்குலச் சல்லி, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தடிப்பாகப் போட்டால் அதுவும் மணல் மாதிரிச் சில்லை விழுங்கும். நடுப்பகுதி ஓரத்தைவிட ஒன்றேகால் அங்குலம் உயர்ந்திருக்கட்டும், தண்ணீர் இரண்டு பக்கமும் வடியும். இரு ஓரத்திலும் கொங்கிரீட் கல்லை நிமிர்த்திப் புதையுங்கள், இல்லாவிட்டால் சல்லி வளவெல்லாம் பரவிவிடும்.

அம்மாவுக்குச் சல்லியில் ஊன்றுகோல் ஒழுங்காக நிற்காது. பாதையோரத்தில் 3 அடி அகலத்துக்குத் தட்டைக் கொங்கிரீட் கல் பதித்துக் கொடுங்கள். செலவைக் குறைக்கவேண்டி வந்தால் வேறு எதிலாவது குறையுங்கள், இதில் வேண்டாம்.

அளவு: ஒரு கியூப் என்பது 100 கன அடி. உங்கள் 400 சதுர அடிக்கு, இறுகினால் தணியும் என்பதையும் சேர்த்து, ஏபிசி ஒன்றேமுக்கால் கியூப் எடுங்கள். மேல் சல்லி முக்கால் கியூப் காணும். டிப்பர் வந்ததும் ஏறிப் பாருங்கள். மேல் சல்லியில் தூள் அப்பியிருந்தால் இறக்கவிடாமல் திருப்பி அனுப்புங்கள்.

வேலையைப் புரட்டாதி முடியுமுன் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தபின் இந்த மணலில் டிப்பர் உள்ளே வராது. நாலைந்து வாளி சல்லியை மதில் மூலையில் ஒதுக்கி வையுங்கள். முதல் பெருமழை விட்டதும் குடையோடு ஒருமுறை நடந்து, தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களைப் பார்த்து அதில் போடலாம்.