சருகு ஏன் மக்க மாட்டேன் என்கிறது?

மாசி பங்குனியில் கூட்டக் கூட்ட வேப்பஞ்சருகு. மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடுகிறோம். எப்படியும் மண்ணாகிவிடும் பொருள்தானே? (வேளச்சேரி)

உங்கள் மரத்தடியில் இருந்தால் மண்ணாகும். மற்ற குப்பையோடு கலந்து குப்பைமேட்டுக்கு அடியில் புதைந்தால், காற்றில்லாமல் அழுகி மீத்தேனை வெளிவிடும். அது எரியும் வாயு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை நீங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் என்பதுதான் எனக்குத் தீராத வருத்தம். மூட்டை கட்டாதீர்கள், அது உங்கள் மண்ணுக்குச் சேர வேண்டியது.

கொளுத்திவிட்டால்? (திருச்சி)

வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்தப் புகை அவருக்கு நரகம். தெருவில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடுக்கின்றன.

மாவிலைச் சருகை உரத்துக்காகக் குவித்து ஆறு மாதமாகிறது. சருகு சருகாகவே இருக்கிறது. (சேலம்)

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. காய்ந்த இலையில் கரிச்சத்து (கார்பன்) நிறைய, தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து என்ற அளவு தோதானது. அளந்து பார்க்க முடியாது. மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய புல், களை, காய்கறித் தோல் எல்லாம் பச்சைதான். சாணம் கிடைத்தால் கரைத்துத் தெளியுங்கள்.

மாவிலை மெழுகுப் பூச்சுள்ள தடித்த இலை. முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்ததும் காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். குவியல் மூன்றடி உயரமாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் சூடு தங்காது. ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள்: கை ஈரமாக வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. நாலைந்து நாள் கழித்து நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் போதும்.

புரட்டும்போது கொழுத்த வெள்ளைப் புழுக்கள். நல்லதா கெட்டதா? (பொள்ளாச்சி)

தென்னை உள்ள ஊர் என்பதால் கவனம் தேவை. கட்டைவிரல் தடிமனில், பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்டு கிடந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைக்கும். கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கி அழியுங்கள். நிறைய இருந்தால் இந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் குவியலில் கலக்கலாம். தட்டையாக, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக நெளிபவை வேறு, ஒருவகை ஈயின் புழுக்கள்; அவற்றை விட்டுவிடுங்கள், கழிவைத் தின்று தீர்ப்பவை.

தென்னை மட்டை?

குவியலில் வேண்டாம், வருடக்கணக்கில் கிடக்கும். துண்டாக்கி மரத்தைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள்.

உரம் தயார் என்று எப்படித் தெரியும்? (மதுரை)

முதல் மழைக்கு எழும் மண்வாசனை வரும், சூடு அடங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் போட்டுப் பத்து வெந்தயம் விதையுங்கள். குறைந்தது எட்டு முளைத்தால் செடிக்கு வைக்கலாம். முளைக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் மூடி வையுங்கள்.