உத்தரத்துக்குள் இருக்கும் கோடைகள்

கேள்வி: மரத்தின் வளையங்களை எண்ணினால் வயது தெரியும் என்று படித்திருக்கிறேன். இப்போது வளையத்தில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து பழைய கட்டடங்களின் காலத்தைச் சொல்கிறார்களாமே? கார்பன்-14 போல இந்த ஆக்ஸிஜனும் சிதைந்து குறையுமா?

பதில்: குறையாது. நான் வேதியியல் நடத்திய காலத்தில் மாணவர்கள் தவறாமல் தடுக்கிய இடம் இது. ஆக்ஸிஜனின் லேசான வகையான ஆக்ஸிஜன்-16, கனமான வகையான ஆக்ஸிஜன்-18 இரண்டுமே நிலையானவை. எத்தனை ஆயிரம் ஆண்டு போனாலும் அப்படியே இருக்கும். இங்கே நடப்பது கைரேகையை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிப்பது மாதிரியான வேலை.

ஆக்ஸிஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு இரண்டுதான் கனமான 18. மழைநீரில் இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறும். வேர் அந்த நீரைத்தான் குடிக்கிறது. கோடை வறண்டு கிடந்தால், இலையிலிருந்து லேசான நீர் முந்திக்கொண்டு ஆவியாகும். கனமானது அதிகமாகத் தங்கும். அதுவே சர்க்கரையாகி, மரக்கட்டையின் முக்கியப் பொருளான செல்லுலோஸாகி, அந்த ஆண்டு வளையத்தில் உறைந்துவிடுகிறது. வறண்ட கோடை, நனைந்த கோடை என்று வரிசையாக ஒரு பதிவு!

வளையத்தின் அகலமே போதாதா என்றால், வறண்ட அரிசோனாவில் போதும். அங்கே 1929-இல் டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர் அகலத்தை வைத்தே பழங்குடிக் குடியிருப்புகளின் ஆண்டுகளைச் சொல்லிவிட்டார். மழை குறைந்தால் அங்கே வளையம் ஒடுங்கும். மிதமான தென் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பக்கத்து மரத்தை வெட்டி வெயில் விழுந்தாலே வளையம் அகன்றுவிடும், வானிலைக்குச் சம்பந்தமே இருக்காது. ஆனால் ஒரே மழையைக் குடித்த மரங்களின் ஆக்ஸிஜன் ஒத்துப்போகிறது. இதை நம்பித்தான் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் நீல் லோடர் குழுவினர், மத்திய இங்கிலாந்துக்கு 1200 முதல் 2000 வரையிலான ஆக்ஸிஜன் அட்டவணையை 2019-இல் வெளியிட்டார்கள். காலம் தெரியாத உத்தரத்தின் வரிசையை அதன் மீது ஓராண்டு ஓராண்டாக நகர்த்திப் பார்ப்பார்கள். பொருந்தும் இடமே அதன் காலம். கார்பன்-14 பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கொண்ட இடைவெளியைத்தான் தரும். இங்கே கிடைப்பது ஒற்றை ஆண்டு.

எனக்குப் பிரமிப்பு அந்த ஆய்வகக் கைவேலையில்தான். ஓக் வளையத்தில் வசந்த காலத்தில் வளர்ந்த பகுதியில் முந்தைய ஆண்டின் சேமிப்பும் கலந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு வளையத்திலும் கோடைப் பகுதியை மட்டும் கத்தியால் சீவி, செல்லுலோஸைப் பிரித்து, சுமார் 1400 டிகிரி செல்சியஸில் கார்பன் மோனாக்சைடாக்கி, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறை நிறமாலைமானியில் 28 (ஆக்ஸிஜன்-16 உள்ளது), 30 (ஆக்ஸிஜன்-18 உள்ளது) என்ற நிறைகளை ஒப்பிடுகிறார்கள். நூறு வளையம் என்றால் நூறு முறை.

அட்டவணை அந்தந்த வட்டாரத்துக்கு மட்டுமே. ஜப்பானின் ஹினோக்கி மரங்களுக்கு நகட்சுகா என்ற ஆய்வாளரின் குழுவினர் 2600 ஆண்டுப் பதிவைத் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது. இன்னொன்று: கிடைக்கும் ஆண்டு, கட்டையில் மிஞ்சிய கடைசி வளையத்தினுடையது. தச்சர் வெளிப்பகுதியைச் செதுக்கி எறிந்திருந்தால் வெட்டிய ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் உத்தரத்தின் ஏதாவது ஒரு மூலையில் பட்டையின் ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் தேடுகிறார்கள்.